காது வெட்டப்படாத காளை

1997 மார்ச் 15, சனிக்கிழமை, மாலை 5.10

1. கல்முனை வழியாக நாவிதன்வெளி மாட்டுப்பட்டிக்கு

நாட்டு மாட்டினங்கள் அழியாதிருக்க வெளிநாட்டு நிறுவனமொன்று உதவிநிதி வழங்குகிறது. கலப்பில்லாத பட்டியும் அதன் பொலிகாளையும் ஐந்தாண்டுகள் காக்கப்படவேண்டும் என்பது நிபந்தனை. பட்டியொன்றைப் பதியக் கொழும்பிலிருந்து வந்த அலுவலர் செல்வி ரஞ்சினிக்கு, ஓய்வுபெற்ற மிருக வைத்தியன் என்ற முறையில் இன்று துணைசென்றேன். இதே வழியில் அடுத்துச் செல்லவிருக்கும் பதிவுக் குழுக்களுக்காக இதை எழுதுகிறேன்.

மட்டக்களப்பிலிருந்து பஸ் 6.40க்குப் புறப்பட்டது, கட்டணம் பதினான்கு ரூபாய். சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறியதில் கல்முனையை அடைய 8.50 ஆயிற்று. (அடையாள அட்டையைச் சட்டைப்பையிலேயே வைத்திருங்கள்.) அங்கிருந்து கிட்டங்கித் தாம்போதி என்ற தாழ்பாலத்தைக் கடந்து ஓட்டோவில் ஏறத்தாழ ஒன்பது கிலோமீற்றர். அறுவடை முடிந்த வயல்களில் மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன.

பட்டிக்காரர் கல்முனை நிலக்கிழார் இஸ்மாயில் போடியார். ரஞ்சினி இடுக்கியால் காதோரத்தில் அடையாளம் வெட்டப் பசுக்களை ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொடுத்தார். காளையின் முறை வந்ததும் அதன் நெற்றியில் கைவைத்துக்கொண்டார்.

"நில்லுங்க புள்ள. இவன்ட காதத் தொடாதீங்க. ஹஜ்ஜுப் பெருநாளைக்கு அறுத்துக் குர்பான் குடுக்கிறதுக்கு வெச்சிரிக்கன். காது குறைஞ்சா ஆகாது."

"காளை இல்லாட்டிப் பட்டியைப் பதிய ஏலாது, போடியார். குர்பானுக்கு வேற மாடு வாங்கலாம்தானே?" என்றார் ரஞ்சினி.

"நல்லத வெச்சிக்கிட்டு, வாங்கினத அல்லாஹ்வுக்குக் குடுக்கவா? நல்ல கதை!"

மாடு மேய்க்கும் மீராசா வேலிக்கப்பாலிருந்து குரல்கொடுத்தார்: "வெட்டத்தான் வேணுமெண்டா போடியார்ர காத வெட்டுங்க புள்ள. அவரும் கலப்பில்லாத சாதிதான்."

போடியார் சிரிக்கவில்லை. "குர்பானுக்கு எண்டுதான் வாப்பாட காலத்திலிருந்து இந்தச் சாதிய வளர்க்கிறம். மகன்மார் பால் காணாதெண்டு சீமைக் காளை கேக்கிறானுகள். இந்த நிதி வந்தா வாய மூடுவானுகள். வராட்டி, எனக்குப் பொறகு பட்டி இருக்காது."

பின்னர் ஓர் இளநாம்பனை இழுத்துவந்து நிறுத்தினார். "இது அவன்ட மகன். இவன்ட காத வெட்டுங்க. வாப்பா போவார், மகன் நிப்பான். இங்க எப்பவும் அப்புடித்தான்."

"விதியில வளர்ந்த காளை எண்டுதான் இருக்கு, ஐயா" என்று ரஞ்சினி என்னைப் பார்த்தார். நாம்பனின் பல்லைப் பார்த்தேன்; பால்பற்கள் இன்னும் விழவில்லை. அடுத்த ஆண்டு பொலிக்கு உதவும் என்றேன். அதன் இடக்காதை வெட்டிய பின், முடிவு நிறுவனத் தலைமையகத்தின் கையில் என்றார் அவர்.

"ஓம், எழுதுங்க" என்ற போடியார் காளையைத் தட்டிக்கொடுத்தார். "ஆனா இவன்ட காது முழுசா இருக்கெண்டும் எழுதுங்க."

ஆண்டுதோறும் மிகச் சிறந்ததைக் கொடுக்கவேண்டியிருந்ததாலேயே இப்பட்டியில் சிறந்தவை வளர்க்கப்பட்டன. காளையைக் கொல்லாமல் காக்கச் சொல்லும் விதி, அது வளர்க்கப்பட்ட காரணத்தையே அகற்றிவிடும். நாம்பனை ஏற்றுக்கொள்ளும்படி பரிந்துரைத்துள்ளேன்.

செல்வோர் கவனத்திற்கு: பெருநாளுக்கு முந்திய மாதங்களில் இடுக்கி கொண்டுசெல்லவேண்டாம், இலக்கமிட்ட கழுத்துத் தகடு போதும். கல்முனையிலிருந்து திரும்பும் பஸ்ஸை 2.45க்கு முன் பிடித்துவிடுங்கள்.

இத்துடன் இணைத்திருப்பவை:

(அ) வழி வரைபடம்.
(ஆ) எனது பரிந்துரை, இரு பிரதிகள்.
(இ) நாம்பனின் காதுத் துண்டு, கலப்புச் சோதனைக்காக உப்பிட்டது.
(ஈ) காளையின் வால்மயிர் சில. வெட்டியதல்ல, வேலிக்கம்பில் சிக்கியிருந்தவை. பெருநாளுக்குப் பின் கேட்டால் கிடைக்காது.