அம்மா போடாத சாலை

மழைக்காலத்துச் சாயங்காலங்களில் அம்மா பூட்ஸைக் கழற்றும்போது, விரித்துப் போட்ட செய்தித்தாளின் மேல் ரத்தம் குடித்துக் கொழுத்த அட்டைகள் சொத்துச் சொத்தென்று விழும். நான் உப்பைத் தூவுவேன். ஈர ரப்பரும் சேறும் யூகலிப்டஸ் தைலமும் கலந்த அந்த வாடைதான் எனக்கு அம்மாவின் வாசனை. மலைச்சாலைகளுக்கு வழி பார்த்துத் திட்டம் போடும் பொறியாளர் அவர். கோயம்புத்தூரிலிருந்து குன்னூருக்கு மாற்றலாகி வந்திருந்தோம். ஒரு சாலை எங்கே வளைய வேண்டும், எங்கே போகவே கூடாது என்று முடிவு செய்வதுதான் அவருடைய வேலை.

எனக்குப் பத்து வயதான அந்த ஆண்டு, ஜெகதளாவுக்கு அப்பால் ஒரு எஸ்டேட் குடியிருப்புக்குச் சாலை போடும் பொறுப்பு அவரிடம் வந்தது. இலங்கைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்தவர்கள் அங்கே இருந்தார்கள். தங்கள் வரிசை வீடுகளை "லயம்" என்பார்கள். உடம்புக்கு முடியாதவர்களைக் கம்பளியில் கிடத்தி, மூங்கிலில் கட்டித் தூக்கிக்கொண்டு ஒற்றையடிப் பாதையில் இறங்கி வந்துதான் ஜீப்பைப் பிடிக்க வேண்டும். அங்கே இலை பறிக்கும் ராணியக்கா, ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்குத் துணி துவைக்க வருவார். எனக்கென்று தேங்காய் ரொட்டியும், கண்ணில் நீர் வரவைக்கும் மிளகாய்த் துவையலான "கட்டச்சம்பலும்" கொண்டு வருவார். அப்போது அவர் மாசமாக இருந்தார்.

லயத்துக்கு இரண்டு வழிகள் இருந்தன. ஊற்றுச் சரிவின் குறுக்கே வெட்டினால் கோடைக்குள் சாலை முடிந்துவிடும். முகட்டைச் சுற்றிப் போனால் நாளாகும். ராணியக்காவின் கணவர் செல்லையா, நாலைந்து பேரோடு எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"கிட்ட வழியாப் போட்டுக் குடுங்கம்மா. மழைக்கு முந்தி வேணும்."

"அந்தச் சரிவுக்குள்ள தண்ணி ஊறிட்டே இருக்குதுங்க. அடியில வெட்டுனா மேல இருக்கறது அத்தனையும் இறங்கிரும்," என்றார் அம்மா. "கொஞ்சம் பொறுத்துக்கங்க. சுத்து வழிதான் நிக்கும்."

சுற்று வழிக்கு எஸ்டேட்டின் சம்மதம் கிடைப்பதற்குள் கோடை போய்விட்டது. பாதி வெட்டியிருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. ஒரு நாள் காலையில் ராணியக்காவுக்கு வலி கண்டு, உதிரம் நிற்காமல் போக, கம்பளியில் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். வழுக்கும் பாதையில் ஜீப்பை எட்டும்போது மதியமாகிவிட்டது. அதற்குள் அவரும் இல்லை, வயிற்றுப் பிள்ளையும் இல்லை.

நான் அழுத அழுகையில் அம்மா என்னையும் லயத்துக்குக் கூட்டிப் போனார். ராணியக்காவின் தாய் கத்தவில்லை, மண்ணை வாரித் தூற்றவுமில்லை. அம்மாவை நிமிர்ந்து பார்த்து, "மலை விழுந்துரும்னு சொன்னீங்க. மலை நிக்குது. எம் மக போயிட்டா," என்றார்.

வெட்டாததால்தான் நிற்கிறது என்று அம்மா சொல்லியிருக்கலாம். ஆனால், வெட்டியிருந்தால் விழுந்திருக்குமா என்பதை இனி யாராலும் சொல்ல முடியாதென்று அவருக்குத் தெரிந்திருந்தது. மறு ஆண்டு சாலை முடிந்தது. அதன்பின் ஒவ்வொரு பெருமழைக்கும் குடையோடு போய்ச் சரிவுக்கு எதிரே நிற்பார். ஒருமுறை திரும்பி வந்து, தலையைக்கூடத் துவட்டாமல் என்னிடம் சொன்னார்: "அதுவாச் சரிஞ்சிருந்தா நிம்மதியா இருந்திருக்கும்னு தோணுது கண்ணு. அப்படித் தோணுறதுதான் பயமா இருக்குது."

அதற்குப் பிறகும் எத்தனையோ சாலைகளுக்கு வழி குறித்துக் கொடுத்து, பதவி உயர்ந்து, ஓய்வும் பெற்றுவிட்டார். போன மாதம் அவரைக் காரில் அங்கே அழைத்துப் போனேன். லயத்தில் ஆளில்லை; பிள்ளைகளெல்லாம் திருப்பூருக்குப் போய்விட்டார்கள், கூரைத் தகரங்களும் போய்விட்டன. கவாத்து வெட்டாத தேயிலை மரமாக வளர்ந்து நிற்கிறது. அம்மாவின் சாலையில் சுற்றுலாக்காரர்களின் கார்கள்தான் ஏறுகின்றன. அங்கே ஒரு காட்டேஜ் வாசலில் காவலுக்கு நின்ற கிழவர் அம்மாவை உற்றுப் பார்த்தார். செல்லையா.

"ரோட்டம்மாதானே? நல்லா இருக்கீங்களா?"

அம்மா எதிரே மழையில் நனைந்துகொண்டிருந்த ஊற்றுச் சரிவையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பார்வை போன இடத்தைச் செல்லையாவும் பார்த்தார்.

"அப்படியேதாம்மா நிக்குது. விழாம இருக்கட்டும். ராணியை அதுக்கு அடியிலதான் பொதைச்சிருக்கேன்."

அம்மா குடையை என் கையில் கொடுத்துவிட்டு, நனைந்தபடியே காருக்கு நடந்தார்.