எட்டாம் கட்டளைக்கு நான் சொன்ன விளக்கம்

பொய் சொல்லாதே என்கிற எட்டாம் கட்டளையை என்னைப் போல் நடத்துவதற்குக் காரைக்காலில் ஆள் கிடையாது என்று நானே சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். படித்தது ஐந்தாம் வகுப்பு. அதிலும் கடைசி வருடம் பள்ளிக்கூடம் போனதைவிடச் சாந்துச் சட்டி தூக்கியதுதான் அதிகம். சித்தாளாகத் தொடங்கிக் கொத்தனார், கொத்தனாரிலிருந்து மேஸ்திரி, மேஸ்திரியிலிருந்து கான்ட்ராக்டர். துபாயில் இருக்கும் மரைக்காயர் ஒருவருக்கு இங்கே மூன்று மாடி போட்டேன். அவர் ஒரு தடவைகூட வந்து பார்க்கவில்லை, போனிலேயே பேசி முடித்தோம். இன்றைக்கும் அந்த வீட்டில் ஒரு விரிசல் காட்டச் சொல்லுங்கள், பார்க்கலாம். யாரும் என்னைக் கைகொடுத்துத் தூக்கிவிடவில்லை.

எங்கள் பங்குக் கோவிலில் பெரிய பிள்ளைகளுக்கு மறைக்கல்வி நடத்திக்கொண்டிருந்த வாத்தியார் மாற்றலாகிப் போய்விட்டார். ஆயர் வந்து, விசுவாசத்தை உறுதிப்படுத்துகிற உறுதிபூசுதல் கொடுப்பதற்கு முன்னால் ஒரு வருடம் முழுக்க, ஞாயிறு பூசை முடிந்ததும் ஒரு மணி நேரம் அந்தப் பிள்ளைகளுக்கு வகுப்பு நடக்க வேண்டும். எல்லாம் பத்தாவது, பதினொன்றாவது படிக்கிற வயது. யாரிடம் விடுவது என்று பங்குச் சாமியார் தவித்தபோது, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று முன்னால் போய் நின்றேன். சின்னப் பிள்ளைகளுக்கு நடத்துகிற சிஸ்டர் இறையியல் படித்தவர். நடத்துகிறவர்களுக்கென்று ஒரு வாரப் பயிற்சி இருக்கிறது, போய்விட்டு வாருங்கள் என்று மெதுவாகச் சொன்னார். ஞானோபதேசக் கேள்வி பதிலைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுகிறவனுக்குப் பயிற்சியா என்று நான் போகவில்லை.

வகுப்பு நடந்த ஹால் நான் கட்டிக்கொடுத்தது. கோவிலுக்குப் பின்னால், வேப்பமரத்தை வெட்டாமல் சுவரை வளைத்துக் கட்டினேன். கூலி வாங்கவில்லை. சுவரில் என் பெயரைப் பதிக்கலாமா என்று சாமியார் கேட்டபோது வேண்டாம் என்றேன். இரண்டாவது முறை கேட்டபோது சரி என்றேன்.

புத்தகத்தைப் பார்த்து நான் நடத்தியதில்லை. சுவர் நேர் பார்க்கிற ரசமட்டத்தைக் கொண்டுபோய் மேசை மேல் வைப்பேன். குமிழி நடுவில் நின்றால் நேர், இல்லாவிட்டால் கோணல், பாதி நேர் என்று ஒன்று கிடையாது, உண்மையும் அப்படித்தான் என்பேன். பிள்ளைகள் கண் கொட்டாமல் கேட்பார்கள். பிறகு ஒவ்வொருவரையும் எழுப்பிக் கேள்வி கேட்பேன். பரீட்சையில் உன் பக்கத்துப் பையன் பார்த்து எழுதுகிறான், டீச்சர் உன்னிடம் கேட்கிறார், காட்டிக்கொடுப்பாயா, மாட்டாயா? ஒருவன் எழுந்து, "பாத்து எழுதுறவனே நாந்தான் சார், என்னை ஏன் கேக்கப்போறாங்க" என்றான். ஹாலே சிரித்தது. நானும் சிரித்தேன். ஐந்தாவது படித்தவனை அத்தனை பிள்ளைகள் சார் என்று கூப்பிட்டதில் எனக்கு இருந்த சந்தோஷத்தை மறைப்பதற்கில்லை.

அந்தச் சிரிப்பு அடங்கிய பிறகுதான் அவள் எழுந்தாள். பத்தாவது படிக்கிற பெண். அம்பகரத்தூர் போகிற ரோட்டில் வீடு. அவளுடைய அப்பா ஒரு காலத்தில் என்னிடம் டிராக்டர் ஓட்டியவன். பிறகு சொந்தமாகக் குட்டியானை வண்டி ஒன்று வாங்கித் தேங்காயும் காய்கறியும் ஏற்றிக்கொண்டிருந்தான். அவள் வகுப்பில் அதிகம் பேசாதவள். கேட்டால் பதில் சொல்வாள், கேட்காவிட்டால் கையைக் கட்டிக்கொண்டு இருப்பாள். அன்றைக்குத் தானாக எழுந்து கேட்டாள்.

"சார், கேக்குறது போலீஸா இருந்தா? நம்ம வீட்டு ஆளைப் பத்திக் கேட்டா?"

நன்றாகக் கேட்கிறாளே என்று நினைத்தேன். ஏன் கேட்கிறாள் என்று நினைக்கவில்லை. "வீட்டு ஆளுக்கு ஒரு உண்மை, வெளி ஆளுக்கு ஒரு உண்மையாம்மா? கடவுள்கிட்ட ரெண்டு ரசமட்டம் கிடையாது. கேட்டா சொல்லணும், அவ்வளவுதான்" என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்தாள். எனக்கு அந்த வார்த்தை ரொம்பப் பிடித்துப்போயிற்று. மத்தியானம் சாப்பாட்டில் என் மனைவியிடம் சொன்னேன். சாயங்காலம் சாமியாரிடம் சொன்னேன். அவரும் தலையை ஆட்டினார்.

அடுத்த ஞாயிறு அவள் வரவில்லை. என்ன நடந்தது என்பதைப் பையன்கள்தான் சொன்னார்கள். எங்கள் ஊர் புதுச்சேரியைச் சேர்ந்தது, மதுச் சரக்கு விலை குறைவு, எல்லையில் இருக்கிற பூவத்தைத் தாண்டினால் தமிழ்நாட்டில் கூடுதல். இந்த ஒரு காரணத்துக்காக எல்லையைத் தாண்டிப் பாட்டில் கடத்திப் பிழைக்கிறவர்கள் இங்கே எத்தனையோ பேர். அவளுடைய அப்பாவும் தேங்காய்க்கு அடியில் வைத்துக் கொண்டுபோயிருக்கிறான். மகள் முன் சீட்டில் இருந்தால் சோதனைச் சாவடியில் கையைக் காட்டி அனுப்பிவிடுவார்கள், அதனால் சனிக்கிழமைகளில் அவளையும் கூட்டிக்கொண்டு போவது வழக்கமாம். அந்தச் சனிக்கிழமை சாவடியில் நின்ற பெண் போலீஸ் ஒருவர், சந்தேகப்பட்டுக்கூட அல்ல, பிள்ளையிடம் நாலு வார்த்தை பேசுவோம் என்று, பின்னால் என்னம்மா இருக்கிறது என்று கேட்டிருக்கிறார். தேங்காய், தேங்காய்க்குக் கீழே பாட்டில் என்று அவள் சொல்லிவிட்டாள்.

இதைக் கேட்டதும் எனக்கு முதலில் என்ன தோன்றியது என்பதை எழுதத்தான் வேண்டும். பெருமையாக இருந்தது. எத்தனையோ பேர் கேட்டுவிட்டுப் போகிற பாடத்தை ஒருத்தி நடத்திக் காட்டிவிட்டாளே என்று உடம்பு சிலிர்த்தது. அவள் பெயரைச் சொல்லாமல் அன்றைய வகுப்பிலேயே அதை உதாரணமாகச் சொன்னேன். பெயர் சொல்லாவிட்டால் என்ன, ஹாலில் எல்லாருக்கும் தெரியும்.

சிஸ்டர் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். பிள்ளைகள் போன பிறகு உள்ளே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

"பொய் சொல்லக் கூடாதுங்கறது சரிதான் அய்யா. ஆனா கேக்குறவங்க எல்லாருக்கும் பதில் சொல்லியே ஆகணும்னு நம்ம திருச்சபை எங்கயும் சொல்லல. வாயை மூடிட்டு இருக்கறது பொய் ஆகாது. பெத்த அப்பாவைப் பிடிச்சுக் குடுக்கணும்னு பதினஞ்சு வயசுப் பிள்ளைக்குக் கடமை இல்ல. அவ உங்களை நம்பிக் கேட்டிருக்கா. தனியாக் கூப்பிட்டு என்னம்மா விஷயம்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

அப்படியென்றால் கடத்துவது சரியா என்று சண்டைக்குப் போனேன். சரி இல்லை, அதை அவனிடம் சொல்ல வேண்டியது நாம்தான், அவள் இல்லை என்றார். ரசமட்டத்தைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

வண்டி பறிமுதலில் போயிற்று. அவளுடைய அப்பா உள்ளே இருந்துவிட்டு நாற்பது நாள் கழித்து ஜாமீனில் வந்தான். வந்தவன் மகளை அடிக்கவில்லை, திட்டவில்லை. பேசவில்லை, அவ்வளவுதான். அவள் சோறு போட்டால் எழுந்து போய்விடுவான். அவள் இருக்கிற பக்கம் திரும்புவதில்லை. இதையெல்லாம் அவளுடைய அம்மா எங்கள் வேலைத்தளத்துக்கு வந்து, கலவை மெஷின் சத்தத்துக்கு நடுவில் நின்று சொன்னாள். பரீட்சை முடிந்ததும் பிள்ளையைத் திருச்சியில் அவனுடைய அக்கா வீட்டுக்கு அனுப்பிவிடப் போகிறானாம். அங்கே மேலே படிக்கவைக்க மாட்டார்கள், வீட்டு வேலைக்குத்தான் வைத்துக்கொள்வார்கள். பிள்ளையும் சாப்பிடுவதில்லை, ராத்திரியெல்லாம் முழித்துக்கொண்டு கிடக்கிறாள். "நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே, அவரு உங்ககிட்ட வேலை பாத்தவரு. உங்க பேச்சைக் கேப்பாரு" என்றாள். அவள் என்னைக் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குத் தாங்கியிருக்கும்.

தானும் வருகிறேன் என்றார் சிஸ்டர். வேண்டாம், என் ஆள்தான் என்று சொல்லிவிட்டு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு தனியாகப் போனேன்.

அவன் மரியாதையாகத்தான் நாற்காலி எடுத்துப் போட்டான். தான் தரையில் உட்கார்ந்துகொண்டான். ஜெயிலில் இளைத்திருந்தான். நான் பேச ஆரம்பித்தேன். பேச்சில் என்னை யாரும் அடித்துக்கொள்ள முடியாது. பிள்ளை மேல் தப்பில்லை, நான் சொல்லிக்கொடுத்ததைச் செய்தாள், கோபம் இருந்தால் என் மேல் காட்டு என்றேன். அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். நானும் ஒன்றுமில்லாமல்தான் வந்தேன், ஒரு நாளாவது குறுக்கு வழியில் போயிருப்பேனா, என்னைப் பார்த்துத் திருந்து என்று அதற்கு மேலும் போனேன். மகள் உள்ளேயிருந்து டீ கொண்டுவந்து என்னிடம் கொடுத்துவிட்டு, நிலைப்படி ஓரமாக நின்றாள்.

அவன் கேட்டுவிட்டு, குரலை உயர்த்தாமல், "ஒண்ணே ஒண்ணு கேக்குறேன் மேஸ்திரி. கோவிலுக்குப் பின்னாடி ஹால் கட்டுனீங்களே, அதுக்கு மணல் எங்கேருந்து அடிச்சோம்?" என்றான்.

அரசலாற்றிலிருந்து அடித்தோம். அனுமதி கிடையாது. விடிவதற்கு முன்னால் டிராக்டரை ஆற்றில் இறக்கியவன் அவன், இறக்கச் சொன்னவன் நான். அந்த ஹாலுக்கு மட்டும் என்றும் இல்லை. கூலி வாங்காமல் கட்டுகிற வேலைக்கு மணலை விலை கொடுத்து வாங்குவதா என்று அப்போது எனக்கே ஒரு நியாயம் இருந்தது. கோவில் காரியம்தானே என்றும் சொல்லிக்கொண்டேன்.

நான் வாய் திறப்பதற்குள் அந்தப் பெண் கேட்டாள். "அப்பா சொல்றது உண்மையா சார்?"

மணல் எங்கிருந்து வந்தது என்று எத்தனையோ அதிகாரிகள் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அதற்கு ஒரே பதில்தான் சொல்லிச் சொல்லி என் வாய் பழகியிருந்தது. நான் யோசித்துச் சொல்லவில்லை, அது தானாக வந்தது.

"வாங்கின மணல்தான், பில்லு இருக்கும்மா" என்றேன்.

சிஸ்டர் சொன்ன மாதிரி வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அதுகூட எனக்குத் தோன்றவில்லை.

அவன் சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. திரும்பி மகளைப் பார்த்தான். "பாத்துக்க தாயி. இவருதான் உனக்குச் சொல்லிக் குடுத்தவரு. போ, போய்ச் சாப்பிடு" என்றான். ஜாமீனில் வந்த நாளிலிருந்து அவளிடம் அவன் பேசிய முதல் வார்த்தை அது. அவளுடைய அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தப் பெண், நான் பாதி குடித்திருந்த டம்ளரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

நான் எதற்குப் போனேனோ அது நடந்துவிட்டது. அப்பாவும் மகளும் பேச ஆரம்பித்தார்கள். திருச்சிக்கு அனுப்புகிற பேச்சும் நின்றது என்று கேள்விப்பட்டேன். பங்கில் எல்லாரும் மேஸ்திரி போய்ச் சேர்த்துவைத்தார் என்றார்கள். சாமியார் பூசை முடிந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் அவரிடமே பாவசங்கீர்த்தனம் செய்தேன், மணலையும் சொன்னேன், பொய்யையும் சொன்னேன். மன்னிப்பு கொடுத்துவிட்டு, அந்தப் பெண்ணிடம் போய் உண்மையைச் சொல்லிவிடுங்கள், அதுதான் உங்களுக்குப் பரிகாரம் என்றார். ஹால் சுவரில் இருக்கிற என் பெயரை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். அது இப்போது முக்கியமில்லை என்றார்.

மூன்று ஞாயிறு தள்ளிப்போட்டேன். அந்த மூன்று ஞாயிறும் அவள் வகுப்புக்கு வரவில்லை. உறுதிபூசுதலுக்கு இன்னும் பத்து நாள்தான் இருந்தது. ஒரு மத்தியானம், அவளுடைய அப்பா வெளியே போயிருப்பான் என்று கணக்குப் பண்ணி ஸ்கூட்டரில் போனேன். கதவை அவள்தான் திறந்தாள். உடம்பு கொஞ்சம் தேறியிருந்தது. என்னைப் பார்த்ததும் முகம் சுருங்கவில்லை, அதுவே எனக்குக் கஷ்டமாக இருந்தது. படியை விட்டு இறங்கி வந்து, கதவை ஒருக்களித்துச் சாத்திக்கொண்டாள். அப்பா உள்ளே படுத்திருக்கிறார் என்றாள்.

அன்றைக்கு நீ கேட்டாயே அம்மா, அதற்குப் பதில் சொல்லத்தான் வந்தேன் என்றேன். மணலைப் பற்றி என்று ஆரம்பித்தேன். அவள் கையை லேசாக உயர்த்தி நிறுத்தினாள்.

"எனக்குத் தெரியும் சார். அன்னைக்கே தெரியும்." கதவுப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். "நீங்க இப்ப ஒண்ணும் சொல்ல வேணாம் சார். அப்பா என்கிட்ட பேசுறாரு. நீங்க அப்படிப் பொய் சொன்னதாலதான், உங்க பேச்சைக் கேட்ட பிள்ளை மேல தப்பில்லன்னு பேசுறாரு. இப்ப போயி மாத்திச் சொன்னீங்கன்னா, நீங்க சொல்லிக் குடுத்தது சரிதான்னு ஆயிடும், நான் மறுபடியும் தனியாயிடுவேன்."

அவள் குரலில் கோபம் இல்லை. கணக்கைச் சரிபார்த்துச் சொல்கிற மாதிரி சொன்னாள். சரிம்மா என்றேன். ஆயர் வருகிற அன்றைக்கு வருவாயா என்று கேட்டேன். அடுத்த வருடம் பார்க்கலாம் சார் என்றாள். அடுத்த வருடம் இந்த வகுப்பை நான் நடத்தப்போவதில்லை, சிஸ்டரிடம் ஒப்படைத்துவிட்டேன் என்று சொல்ல நினைத்தேன். அதனால் அவளுக்கு என்ன என்று விட்டுவிட்டேன்.

ஸ்கூட்டருக்குப் போனேன். வெயிலில் சீட்டு கொதித்தது, துணியை எடுத்து விரித்துக்கொண்டிருந்தேன். உள்ளே அவன் எழுந்துவிட்டான் போலிருக்கிறது, யாரு வந்தது என்று கேட்கிற சத்தம் வாசல்வரை வந்தது.

"யாரும் இல்லப்பா" என்றாள்.

நான் இன்னும் வண்டியை எடுத்திருக்கவில்லை.