ஏழு பணியாரமும் ஒரு கடிதமும்

போன புதன்கிழமை எங்கள் வீட்டுக்காரர் பெல்ட்டைக் கழற்றி என் மடியில் போட்டார்.

"எண்ணிப் பாரு" என்றார்.

எண்ணினேன். கடையில் வாங்கும்போதே இருந்த ஓட்டைகள் ஐந்து. அதற்குப் பிறகு வால் பக்கமாக, ஆணியால் குத்தினவை மூன்று. அந்த மூன்றும் இவர் பருத்துக்கொண்டே போன காலத்தில் வந்தவை. இப்போது பக்கிளுக்குப் பக்கத்தில் புத்தம் புதிதாக ஒன்று!

கடைத்தெருவில் செருப்புத் தைக்கிறவர் அதைக் குத்திக்கொண்டே சொன்னாராம்: "இம்புட்டு நாளா பெல்ட்டை நீட்டத்தான் வந்தீக. இன்னைக்குத்தான் குறுக்க வந்திருக்கீக." இதை இவர் என்னிடம் மூன்று தடவை சொல்லிவிட்டார். மூன்று தடவையும் புதிதாகக் கேட்பதுபோல் கேட்டுக்கொண்டேன். பெண்டாட்டி என்றால் அதுவும் செய்யத்தானே வேண்டும்?

சில வாரங்களுக்கு முன்னால் இந்தப் பத்திரிகையில் இதே பக்கத்தில், 'இவர் இளைத்துவிட்டார்' என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அதற்கு உங்களிடமிருந்து வந்த கடிதங்களைக் கொஞ்சம் என்று சொல்ல முடியாது. என்ன லேகியம்? எந்த வைத்தியர்? எத்தனை நாள் பட்டினி? திருச்சுழித் தபாலாபீசிலிருந்து அத்தனையையும் தூக்கிக்கொண்டு வந்து தந்தவரும் இவரேதான் – இவர் தபால்காரர் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும்.

லேகியமும் இல்லை, பட்டினியும் இல்லை. பட்டினியை முதலில் முயன்றது உண்மை. அதனால் ஒரு தாயை அழ வைத்ததும் உண்மை. அந்தத் தப்பு என்னுடையது. அதைச் சொல்லிவிடுகிறேன்.

தினமும் சைக்கிள் மிதிக்கிற ஆள் எப்படிப் பருப்பார் என்று கேட்பீர்கள். எனக்கும் அதே ஆச்சரியம்தான். பரளச்சிப் பக்கத்து ஊர்களெல்லாம் இவருடைய பொறுப்பு. கரிசல் பாதை. வெயில் காலத்தில் புழுதி, மழை பெய்தால் சக்கரத்தில் அப்பிக்கொள்கிற களிமண். அதில் போய் வருகிற மனிதருக்கு வருஷத்துக்கு ஓர் ஓட்டை வீதம் பெல்ட் நீண்டுகொண்டு போயிற்று. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. குனிந்து செருப்பை மாட்டினால் முகம் சிவந்தது.

அருப்புக்கோட்டைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் மார்பில் குழாயை வைத்துக் கேட்டார்.

"உங்க அப்பா எந்த வயசுல தவறினாரு?"

"நாப்பத்தி மூணு. மார்பைப் புடிச்சுக்கிட்டு உக்காந்தாரு. அப்புறம் எந்திரிக்கலை."

"உங்களுக்கு இப்ப?"

"நாப்பத்தி ரெண்டு."

டாக்டர் குழாயைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "வயித்தைக் குறைக்கணும்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

திரும்பி வருகிறபோது பஸ்ஸில் இவர் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டார். எனக்குத் தூக்கம் எங்கிருந்து வரும்? திருச்சுழி வரைக்கும் இவர் மூச்சு விடுவதைப் பார்த்துக்கொண்டே வந்தேன். பயமாக இருந்தது. வேறு எப்படிச் சொல்ல?

மறுநாளே வீட்டில் சட்டம் போட்டேன். காலையில் ஒரு செம்பு நீராகாரம், வெங்காயம். ராத்திரி ஒரே ஒரு சோள தோசை. கேட்டாலும் இரண்டாவது கிடையாது. மனிதர் முணுமுணுக்கவே இல்லை. 'இத்தனை நல்லவரா நமக்கு வாய்த்தார்' என்று நான் உருகிப்போனேன். ஒரு மாதம் கழித்து இவர் பெல்ட்டின் வால் பக்கம் மூன்றாவது ஓட்டையைக் குத்திக்கொண்டு வந்தார்.

அந்த வாரம் காக்கிச் சட்டையைத் துவைக்க எடுத்துப் பையைத் திருப்பினேன். உள்ளே கருப்பட்டிப் பிசுக்கு, நாலு எள்ளு, ஒரு கட்டெறும்பு.

"ஏங்க, இது என்ன?"

"பணியாரம்."

"யாரு வீட்டுல?"

"எந்த வீடுன்னு சொல்ல..." என்றார்.

அப்போதுதான் முழு விவரமும் வெளியே வந்தது. யுத்த காலம் அல்லவா? இவர் போகிற ஊர்களில் வீட்டுக்கு வீடு ஒரு பையன் பட்டாளத்தில் இருந்தான். தாய்மாருக்கு வாசிக்கத் தெரியாது. கடிதத்தைக் கொண்டு போகிறவரேதான் உட்கார்ந்து வாசித்தும் சொல்ல வேண்டும். வெயிலில் வந்த ஆளை வெறும் வாயோடு வாசிக்க விடுவார்களா? முதலில் கருப்பட்டிப் பணியாரம். அடுத்த வீட்டில் காரச்சேவு. அதற்கடுத்த வீட்டில் சீயம். அரிசிக்கு ரேஷன், சர்க்கரைக்கு ரேஷன். கருப்பட்டிக்கு எங்கே ரேஷன்? நான் பட்டினி போட்டு அனுப்பிய வயிறு, முதல் வீட்டில் பணியாரத்தைக் கண்டால் சும்மா இருக்குமா?

எனக்கு வந்த ஆத்திரத்தில் இவர் கையை எடுத்து என் தலைமேல் வைத்தேன். "இனிமே எந்த வீட்டுலயும் கை நனைக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க." பண்ணினார். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு படுத்தேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. உங்கள் பக்கத்திலும் இருக்கலாம். துக்கம் சொல்லப் போகிறவர் அந்த வீட்டில் கை நனைக்க மாட்டார். உட்கார மாட்டார், பச்சைத் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டார். நின்றபடியே சேதியைச் சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவார். பிறந்ததிலிருந்து எனக்குத் தெரிந்த வழக்கம் இது. இவருக்கும் தெரியும். சத்தியம் வாங்குகிறபோது இரண்டு பேருக்கும் அது ஞாபகத்துக்கு வரவில்லை.

சத்தியத்துக்கு மறுநாள் இவர் போன முதல் வீடு அங்கம்மாள் வீடு. புருஷன் இல்லாதவள். ஒரே மகன் கருப்பையா, பர்மா பக்கம் சண்டையில் இருந்தான். மூன்று மாதமாக அவனிடமிருந்து ஒரு வரி இல்லை. அன்றைக்குத்தான் அவன் கையெழுத்தில் கடிதம் வந்திருந்தது. இவர் உறையோடு வாசலில் போய் நின்றார். அவள் வழக்கம்போல் பாயை விரித்து, தட்டில் பணியாரத்தைக் கொண்டு வந்தாள்.

"வேணாம் ஆத்தா" என்றார் இவர்.

"தண்ணியாச்சும் குடிங்க."

"அதுவும் வேணாம்."

அவள் உறையைப் பார்த்தாள், இவர் முகத்தைப் பார்த்தாள். தட்டைக் கீழே வைத்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்து, "என்னப் பெத்த ராசா..." என்று தலையில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள். குரல் கேட்டு அக்கம்பக்கத்துப் பெண்கள் ஓடி வந்தார்கள். வந்த வேகத்தில் அவர்களும் அவளைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். நடுவில் இவர், "நல்ல சேதி ஆத்தா, அவனே எழுதின கடுதாசி" என்று கத்துகிறார். யார் காதில் விழும்?

ஒருவழியாக உறையைக் கிழித்து உரக்க வாசித்தார். அங்கம்மாள் தலையை நிமிர்த்தினாள்.

"பொய்யி" என்றாள். "என்னைத் தேத்துறதுக்கு நீங்களாக் கட்டிச் சொல்றீக. நெசமா இருந்தா கை நனைச்சிருப்பீகல்ல?"

அவளுக்கு எழுத்துத் தெரியாது. கூடியிருந்தவர்கள் யாருக்கும் தெரியாது. கடிதம் நிஜம் என்று காட்ட அந்த இடத்தில் இருந்த ஒரே அத்தாட்சி பணியாரம். இவர் பாயில் உட்கார்ந்தார். ஒன்றை எடுத்து வாயில் போட்டார். தொண்டைக்குள் இறங்குகிற வரைக்கும் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப வாசிங்க."

'அன்புள்ள ஆத்தாளுக்குக் கருப்பையா எழுதிக்கொண்டது. நான் இவ்விடம் சுகம்.'

"இன்னொண்ணு சாப்பிடுங்க."

'காலில் பட்ட புண் ஆறிவிட்டது. நன்றாக நடக்கிறேன்.'

"இன்னொண்ணு."

செவலைப் பசு கன்று போட்டதா என்று அவன் கேட்டிருந்த இடத்தில்தான் அவள் சிரித்தாளாம். அதற்குள் ஏழு பணியாரம் உள்ளே போயிருந்தது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர் சைக்கிளை நிறுத்தினதும் நேரே வந்து என் தலையைத் தொட்டுப் பார்த்தார். "உனக்கு ஒண்ணும் ஆகலையே?" என்றார். சத்தியத்தை மீறிவிட்டாராம். வழியெல்லாம் அதே பயமாம். நடந்ததைக் கேட்டு முடித்தபோது எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. கோபம் முழுக்க என்மேல்தான்.

ஞாயிற்றுக்கிழமை நானும் கிளம்பி அங்கம்மாள் வீட்டுக்குப் போனேன். "என் தப்பு, மன்னிச்சிருங்க" என்றேன். அவள் சுலபத்தில் விடுகிற ஆளாகத் தெரியவில்லை.

"உனக்கு இவுக ஒரு புருசன் தாயி. எங்களுக்கு இவுக கொண்டாற கடுதாசியிலதான் பிள்ளைகளோட உசுரே இருக்கு. இவுக வாய் அசையுறதைப் பாத்தப்புறந்தான் எங்களுக்கு மூச்சு வரும். அதைப் போயி நிறுத்தலாமா?"

நான் என் மாமனார் போன வயதைச் சொன்னேன். டாக்டர் சொன்னதைச் சொன்னேன். பஸ்ஸில் தூங்காமல் வந்ததையும் சொல்லிவிட்டேன்.

அங்கம்மாள் என்னைப் பாயில் உட்கார வைத்தாள். பிறகு கேட்டாள்: "ஒரு வாய் சாப்பிட்டா ஒண்ணும் செய்யாதுல்ல?"

"ஒரு வாய்னா செய்யாது."

"அப்ப எல்லா வீட்டுக்கும் ஒரு வாய். அதுக்குமேல யாரும் குடுத்தா அவுகளை நான் கேட்டுக்கிறேன்."

சொன்னபடியே செய்தாள். கிணற்றடி, சந்தை, களையெடுக்கிற காடு என்று ஒரே வாரத்தில் சேதி பரவிவிட்டது. வாசலில் சைக்கிள் நின்றதும் ஒரு வாய் – அந்த வீட்டில் தங்களுக்கென்று அன்றைக்கு என்ன இருக்கிறதோ அதில். நாலு வறுத்த கடலை, வெள்ளரிப்பிஞ்சில் ஒரு துண்டு, மோர் விட்ட கம்பங்கூழில் ஒரு மடக்கு. தபால்காரருக்கென்று யாரும் எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது. வாயில் போட்டு விழுங்கிவிட்டுத்தான் உறையைக் கிழிக்க வேண்டும். துக்கச் சேதி என்றால் சர்க்கார் உறையில்தான் வரும், பார்த்ததுமே இவருக்குத் தெரிந்துவிடும். விழுங்கிவிட்டார் என்றால் பிள்ளை சுகம். கேட்கிறவளும் நிம்மதியாகக் கேட்பாள்.

வீட்டில் என் சட்டத்தையும் கிழித்துப் போட்டேன். பட்டினியோடு அனுப்பியது அல்லவா முதல் தப்பு? காலையில் கேப்பைக் களியும் கீரைக் குழம்பும் வயிறாரப் போட்டேன். ராத்திரிச் சாப்பாட்டை விளக்கு வைக்கிற நேரத்துக்கு முன்னால் கொண்டு வந்தேன். சோள தோசை இரண்டு, கேட்டால் மூன்றாவதும் உண்டு. ஆனால் கேட்கவில்லை. காலையில் நிறைந்த வயிறு அல்லவா?

இதெல்லாம் ஒரு மாதத்தில் நடந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். முதல் மூன்று மாதம் பெல்ட் இருந்த இடத்திலேயே இருந்தது. நான் தினமும் ஓட்டையைப் பார்ப்பேன். இவர் என்னைப் பார்ப்பார். அப்புறம் ஒன்று குறைந்தது. அப்புறம் அறுவடைக் காலம், கோயில் கொடை விருந்து – கொஞ்சம் ஏறியது. மறுபடி குறைந்தது. இப்படியே ஒன்றரை வருஷம்.

கடிதம் எழுதிக் கேட்டவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். ஒருத்தர் வாயை மட்டும் கட்டி அவரை இளைக்க வைக்க முடியாது. அவருக்கு ஆசையோடு போடுகிற கைகள் எத்தனை என்று முதலில் பாருங்கள். அந்தக் கைகளிடம் பேசுங்கள். மனிதர்கள் காரணம் சொன்னால் கேட்டுக்கொள்கிறார்கள். சத்தியம் வாங்கினால்தான் வம்பு.

ஒன்றை மறைக்கக் கூடாது. அந்த ஒன்றரை வருஷத்தில் மூன்று வீடுகளில் இவர் கை நனைக்காமல் திரும்பினார். அந்த நாட்களில் எங்கள் வீட்டிலும் சாப்பிடவில்லை. நானும் கட்டாயப்படுத்தவில்லை. அந்த மூன்று வீட்டையும் தாண்டிப் போகும்போது இன்றைக்கும் சைக்கிளை விட்டு இறங்கி நடந்துதான் போகிறார்.

இப்போது யுத்தம் ஓய்ந்துவிட்டது. பையன்கள் ஒவ்வொருத்தராக வருகிறார்கள். பெல்ட்டில் ஓட்டை போட்ட அதே புதன்கிழமை, சாயங்காலம், அங்கம்மாள் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். கூட ஓர் ஒல்லிப் பையன். ஒரு காலை லேசாகச் சாய்த்துச் சாய்த்து நடந்து வந்தான். சொல்லாமலே தெரிந்துவிட்டது – கருப்பையா. இவர் அவனை அப்படியே கட்டிக்கொண்டார். எத்தனை கடிதங்களில் பார்த்த பையன்!

அங்கம்மாள் தூக்குச்சட்டியைத் திறந்தாள். ஏழு கருப்பட்டிப் பணியாரம். இவர் ஒன்றே ஒன்றை எடுத்துக்கொண்டார். நான் சொல்லாமலே கை நின்றதைப் பார்த்து எனக்குப் பெருமையாக இருந்தது. வருகிற மாதம் இவருக்கு நாற்பத்து நாலு முடிகிறது. இவர் அப்பா பார்க்காத வயது.

ஆனால் அங்கம்மாள் இவரையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைத் தனியாக அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"தாயி, ஆளு பாதியாப் போயிட்டாகளே. நோவு எதையும் மறைக்கிறியா?"

"நோவெல்லாம் ஒண்ணும் இல்லைங்க. நல்லாத்தான் இருக்காக."

"நெசமா?"

"நெசமா."

"அப்பச் சாப்பிடு" என்று தூக்குச்சட்டியை என் கையில் கொடுத்தாள். மீதி ஆறும் என் தொண்டையில் இறங்குகிற வரைக்கும் அவள் கண்ணை எடுக்கவில்லை.

ஆறையும் தின்றேன், வாசகர்களே – வேறு எதைச் சொன்னாலும் அவள் நம்பியிருக்க மாட்டாள்!