சர்பத்தின் எழுத்து

சாய்ந்தமருது ஹுஸ்னியா பத்து வருடமாகக் கல்முனையில் ஓர் அச்சகத்தில் வேலை செய்கிறாள். கலியாணக் கார்ட், கடைப் பலகை, மிளகாய்த்தூள் பாக்கெட்டின் லேபல் என்று ஊரில் கண்ணில் படும் பாதி எழுத்து அவள் கணினி வழியாகத்தான் போகிறது. எல்லாவற்றுக்கும் அதே நாலைந்து எழுத்துருக்கள். அலுத்துப்போய் ஒரு நோன்பு மாதத்தில் தானே ஒன்றைக் கீறத் தொடங்கினாள். முடிக்க ஆறு மாதம் பிடித்தது.

எழுத்துகள் கொழுத்து, வயிறு தள்ளி நின்றன. மெய்யெழுத்தின் புள்ளி ஒவ்வொன்றும் லட்டுப் போல இருந்தது. கொம்புகள் நண்டுக் காலாக வளைந்தன. ஓர் எழுத்து மேலே துள்ள, அடுத்தது கீழே குந்தியது. 'கும்மாளம்' என்று பெயர் வைத்தாள். முதலில் அது ஏறியது ஒரு சர்பத் போத்தலில். பிறகு ஐஸ்பழ வண்டி, பாலர் பாடசாலையின் விளையாட்டுப் போட்டிப் பதாகை, பொத்துவிலில் ஒரு பலூடாக் கடை. வேறு அச்சகங்களும் அதை விலைக்கு வாங்கின. பஸ்ஸில் போகும்போது தன் எழுத்தைக் கண்டால் பக்கத்து ஆளுக்குத் தெரியாமல் சிரித்துக்கொள்வாள்.

அந்தப் பெருமை தலைக்கேறியிருந்த நாளில்தான் சியாம் வந்தார். வீட்டில் தரை கழுவும் மருந்து செய்து கடைகளுக்குப் போடும் மனிதர்; அவளுக்கு அண்ணன் வயது, 'காக்கா' என்றுதான் கூப்பிடுவாள். நேரான கறுப்பு எழுத்தில் ஒரு மாதிரி லேபல் கொண்டுவந்திருந்தார்.

"இதயே துப்புரவா அடிச்சித் தாங்க தங்கச்சி, போதும்."

"செத்துப்போன எழுத்து மாதிரி இரிக்கி காக்கா. இத ஆரு எடுப்பாங்க? நான் ஒண்டு போட்டுக் காட்டுறன்."

திரையில் மருந்தின் பெயர் துள்ளிக் குதித்தது. சியாம் தலையைச் சொறிந்தார்.

"வடிவாத்தான் இரிக்கி. ஆனா திங்கிற சாமான் மாதிரித் தெரியிதே?"

"தூரத்திலயே கண்ணப் புடிக்கும். என்ன நம்புங்க."

நம்பினார்.

இரண்டு மாதம் கழித்து, ஒரு காலையில், ஹுஸ்னியாவின் தெருவிலேயே இருக்கும் சுபைறாவின் நாலு வயது மகள் ஸைனப் குசினி மூலையில் இருந்த அந்தப் போத்தலைத் திறந்து குடித்துவிட்டாள். வாயும் தொண்டையும் வெந்துபோயின. உயிருக்கு ஆபத்தில்லை என்று மூன்றாம் நாள்தான் ஆசுபத்திரியில் சொன்னார்கள். பால்கூடக் குழாய் வழியாகத்தான்.

தெருப் பெண்களோடு ஹுஸ்னியாவும் பார்க்கப் போனாள்.

"நான் ஓடி வரக்குள்ள, 'சர்பத் சுடுது உம்மா' எண்டு கத்தினாள்," என்றாள் சுபைறா. "நிறமும் வேற, போத்தலும் வேற. எப்பிடி சர்பத் எண்டு நெனச்சாளோ, அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்."

ஹுஸ்னியாவுக்கும் தெரியும். படிக்கத் தெரியாத பிள்ளை எழுத்தை வாசிக்காது, அதன் உருவத்தைத்தான் பார்க்கும். கொழுத்த எழுத்துக்கு உள்ளே இனிப்பு இருக்கும் என்று ஊர்ப் பிள்ளைகளைப் பழக்கியவள் அவள்தானே. கொண்டுபோன பழப் பையைக் கட்டிலில் வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

எட்டு நாள் வாய் திறக்கவில்லை. அதற்குள் முகநூலில் சியாமின் படத்தைப் போட்டு ஏசினார்கள். கடைக்காரர்கள் போத்தல்களைத் திருப்பி அனுப்பினார்கள். அவரோ ஓரிடத்திலும் அவள் பெயரை எடுக்கவில்லை. அதுதான் அவளைத் தின்றது. தொழுகையில் நின்றால் ஓதல் பாதியில் மறந்தது.

ஒன்பதாம் நாள் அவர் வீட்டுக்குப் போனாள்.

"நான்தான் அந்த எழுத்தப் போடச் சொன்னதெண்டு சொல்லுங்க காக்கா."

"தலையாட்டினது நான்தானே. லேசாத் திறக்கிற மூடி போட்டதும் என்ட பிழை," என்றார் அவர். "ஒங்கட பிழைய நான் சொல்ல ஏலா தங்கச்சி. அத நீங்கதான் சொல்லணும்."

அங்கிருந்து நேரே ஆசுபத்திரிக்குப் போய், சுபைறாவிடம் ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள்.

"திங்கிற சாமான் மாதிரி இரிக்கெண்டு அவர் சொல்லியுமா போட்டாய்?"

"ஓம் ராத்தா."

சுபைறா பிள்ளையின் பால் குழாயைச் சரிசெய்தாள். "மாப்புக் கேட்டு வந்திரிக்காய். இப்ப என்னட்ட அது இல்ல. நீ போ," என்றாள்.

அடுத்த வாரம் ஹுஸ்னியா சியாமின் ஆட்டோவில் ஏறி, மருதமுனையிலிருந்து காரைதீவு, நிந்தவூர் வரைக்கும் கடை கடையாக இறங்கி மிஞ்சியிருந்த போத்தல்களை எடுத்து வந்தாள். புதிய லேபலைத் தானே செய்தாள். நேரான கறுப்பு எழுத்து, கீழே சிவப்பில் 'குடிக்கக் கூடாது'. கும்மாளத்தை வாங்கிய எல்லாருக்கும் தகவல் அனுப்பினாள்: தின்பண்டத்துக்கும் விளையாட்டுக்கும் மட்டும் போடுங்கள், வாயில் வைக்கக் கூடாத எதிலும் போடாதீர்கள். இப்போது யார் அந்த எழுத்தைக் கேட்டு வந்தாலும், "உள்ளுக்கு என்ன சாமான்?" என்றுதான் முதலில் கேட்கிறாள்.

ஸைனப் மூன்றாம் மாதம் குழையவிட்ட சோறு தின்றாள். குரல் மட்டும் இன்னும் கரகரக்கிறது. சுபைறா தெருவில் கண்டால் ஸலாம் சொல்கிறாள், அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. ஹுஸ்னியாவும் கேட்பதில்லை.

போன மாதம் அக்கரைப்பற்றில் ஒரு கடையில் எலி மருந்துப் பாக்கெட் ஒன்றைக் கண்டாள். யாரோ பிரதி எடுத்துக் கொடுத்த கும்மாளம் அதன் மேலே துள்ளிக்கொண்டு நின்றது. அந்த மருந்தைச் செய்கிறவரின் வீட்டைத் தேடிப் போனாள். முதல் தடவை அவர் சிரித்தார். இரண்டாம் தடவை கதவைத் திறக்கவில்லை. வருகிற சனிக்கிழமை மறுபடியும் போகிறாள். அவருக்கென்று ஒரு புதிய லேபலை அச்சடித்துப் பையில் வைத்திருக்கிறாள்.