கோணல் நிமிர்ந்த மிஷின்

வீட்டோடு மாப்பிள்ளையாக வந்த தச்சருக்கு மாமனாரின் மரப்பட்டறையில்தான் வேலை. அங்கே இரும்புக் கையில் ரம்பம் ஓடும் மிஷின் ஒன்று இருந்தது. தனிக்குடித்தனப் பேச்சை எடுத்தாலே மாமனார், “மிஷின் கோணலா வெட்டுது. அத சரி பண்ணிட்டுப் போங்க மாப்ள” என்பார்.

அன்று காலை தச்சர் அந்தக் கையின் போல்ட்டைத் தளர்த்தினார். மிஷின் மேசைமேல் செங்கோணம் பார்க்கும் மூலைமட்டத்தை வைத்து, ரம்பம் அதன் ஓரத்தை விட்டு விலகாமல் ஓடும்வரை இரும்புக் கையை மயிரிழையாக நகர்த்தி இறுக்கினார். அகலப் பலகை ஒன்றை வெட்டி, ஒரு துண்டைப் புரட்டி மற்றதோடு சேர்த்தார். இடையில் வெளிச்சமே தெரியவில்லை; வெட்டில் கோணல் இல்லை.

மாமனார் தடவிப் பார்த்தார். “இந்த வேலைக்கு உங்கள விட்டா ஆளு ஏது? இன்னொரு மிஷின் வாங்கவும் சொல்லிடறேன்.”

தச்சர் முகம் மலர அந்தத் துண்டுகளை மறுபடி சேர்த்துப் பார்த்தார்.

வாசலில் நின்ற மனைவி, “அப்ப நாம பாத்த வீடு?” என்றாள்.

“வேணாம்னு சொல்லிடு” என்று அடுத்த பலகையை எடுத்தார்.