தட்டு வருமுன் போட்ட ஊசி

போன வருடம் மழை தொடங்குகிற காலத்தில், இத்தாலியின் பலெர்மோ நகரத்தில், ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் நடந்தது இது. என் மகள் கல்யாணம் கட்டிப் போய் அங்கேதான் இருக்கிறாள். பிரான்காச்சோ என்ற பக்கத்தில், அடுக்குமாடி வீடுகள் வரிசையாக நிற்கும் இடத்தில் வீடு. நான் யாழ்ப்பாணத்திலிருந்து அவளைப் பார்க்கப் போயிருந்தேன்.

உண்மையைச் சொன்னால், நான் ஊர் சுற்றிப் பார்க்க நினைத்தது பலெர்மோவை இல்லை. மடீரா என்று போர்த்துக்கல் நாட்டுக்குச் சொந்தமான ஒரு தீவு இருக்கிறதாம். மலையும் கடலுமாக இருக்கும், அப்பாவுக்குப் பிடிக்கும் என்று மகளும் மருமகனும் என்னை அங்கே ஒரு வாரம் கூட்டிப்போவதாக ஏற்பாடு. அதைக் கேட்ட நாளிலிருந்து யாழ்ப்பாணத்தில் எனக்கு வேறு வேலை இல்லை. அந்தத் தீவில் எங்கே சாப்பிடுவது, எப்படிப் பஸ் ஏறுவது, எதில் ஏமாறக்கூடாது என்று கைபேசியில் வீடியோ வீடியோவாகப் பார்த்து மனப்பாடம் செய்துவிட்டேன். நான் பஸ் நிலையத்தில் நேரக்கணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். போக்குவரத்து விஷயத்தில் எனக்கு யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை என்ற எண்ணம் கொஞ்சம் உண்டு.

நான் போய் இறங்கிய வாரமே, மகள் வேலைக்குப் போய்ப் பிள்ளை பார்க்கிற வீட்டின் அம்மா படியில் விழுந்து காலை முறித்துக்கொண்டார். மகளுக்கு லீவு இல்லை என்றாகிவிட்டது. மடீரா கைவிட்டுப் போனது. ஆனால் அதற்காகப் படித்த பாடம் தலையை விட்டுப் போகவில்லை. அதுவும் தீவு, இதுவும் தீவு, என்ன பெரிய வித்தியாசம் இருந்துவிடப் போகிறது என்று நினைத்தேன்.

ஒரு விஷயத்தை இங்கே சொல்லவேண்டும். எனக்கு நீரிழிவு. மூன்று நேரமும் சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் ஊசி. ஊசி போட்டால் சுணங்காமல் சாப்பிட வேண்டும். இல்லாவிட்டால் இரத்தத்தில் சீனி இறங்கி முதலில் கை நடுங்கும், பிறகு புத்தி தடுமாறும், அதற்கும் பிறகு விழுந்து போய்ச் சேரவேண்டியதுதான். வீட்டில் இது ஒரு பிரச்சினையே இல்லை. நான் ஊசி போட்டுக் கை கழுவிவிட்டு வந்தால் மனைவி சோற்றைப் போட்டுவிட்டுக் காத்திருப்பாள்.

அன்று காலை வேலைக்குப் புறப்படும்போது மகள் சொன்னாள். "அப்பா, தனிய வெளிக்கிடாதேங்கோ. பின்னேரம் நான் வேலையால வந்து கூட்டிக்கொண்டு போறன்." நான் "ஓம், ஓம்" என்றேன். அவள் படி இறங்கிய சத்தம் அடங்கியதும் சேர்ட்டை மாட்டினேன். கடவுச்சீட்டு, ஊசி எல்லாவற்றையும் ஒரு சின்னத் தோள்பையில் வைத்து மார்போடு போட்டுக்கொண்டேன். சீனி இறங்கினால் வாயில் போட எப்போதும் சேர்ட் பையில் ரொபி மிட்டாய் வைத்திருப்பேன். அன்று அதை எடுத்து மேசையில் வைத்துவிட்டேன். "சட்டைப் பைகளில் எதுவும் வைக்காதீர்கள், கள்வர்கள் கை விடுவார்கள்" என்பது வீடியோவின் முதல் அறிவுரை.

மடீராவில் பஸ் ஏறும்போது சாரதியிடமே காசைக் கொடுத்து டிக்கெட் வாங்கலாம் என்று படித்திருந்தேன். ஆகவே பலெர்மோ பஸ்சில் ஏறிச் சாரதியிடம் காசை நீட்டினேன். அவர் தலையாட்டி, தெருவுக்கு எதிர்ப்பக்கம் இருந்த கடையைக் காட்டினார். சில்லறை மாற்றிக்கொண்டு வரச் சொல்கிறார் என்று நினைத்தேன். மாற்றிக்கொண்டு திரும்பினால் பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்சிலும் அதே தலையாட்டல். கடைசியில் தரிப்பிடத்தில் நின்ற ஒரு பெண் தன் டிக்கெட்டைக் காட்டி, அதைச் சிகரெட் விற்கிற கடையில் முதலே வாங்கவேண்டும் என்று சைகையில் விளங்கப்படுத்தினாள். காலம் முழுக்கப் பஸ்களுக்கு நேரம் குறித்தவன், ஒரு பஸ்சில் ஏறுவதற்குள் காலையைத் தொலைத்துவிட்டேன்.

நகரின் நடுவே வியா மக்வேதாவில் போய் நின்றபோது மத்தியானம் நன்றாகத் திரும்பிவிட்டது. பெரிய தெரு. இருபுறமும் சாப்பாட்டுக் கடைகள், பொரிக்கிற வாசனை, வாசலில் நின்று வாங்கோ வாங்கோ என்று கூப்பிடுகிற ஆட்கள். நல்ல பசி. ஆனால் என் பாடம் என்ன சொன்னது? வாசலில் நின்று கூப்பிடுகிற கடைக்குள் போகாதே. படம் போட்ட பலகை வைத்திருந்தால் போகாதே. உள்ளூர்ச் சனம் சாப்பிடுகிற சின்ன ஒழுங்கைக்குள் போ. அதன்படி சாப்பாடு நிறைந்த தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கால்சா என்ற பழைய கடற்கரைப் பக்கமாக நடந்தேன்.

அங்கே ஒரு சின்னக் கடை. பலகையும் இல்லை, கூப்பிட ஆளும் இல்லை. இரண்டு பேர் சாப்பிட்டு முடித்து எழும்பிக்கொண்டிருந்தார்கள். இதுதான் இடம் என்று உட்கார்ந்தேன். பரிமாறுகிற பெண் வந்து ஏதோ சொன்னார். வெள்ளிக்கிழமை, மச்சம் சாப்பிடமாட்டேன், இறைச்சியும் மீனும் வேண்டாம், பாஸ்தா மட்டும் போதும் என்று கையாலும் வாயாலும் சொன்னேன். அவர் இன்னும் ஏதோ நீளமாகச் சொன்னார். நான் சிரித்துத் தலையாட்டிவிட்டுக் கழிவறைக்குள் போய் வழக்கம்போல ஊசியைப் போட்டுக்கொண்டேன்.

திரும்பி வந்தால் மேசையில் ஒரு கூடை பாண் ரொட்டி, ஒரு சின்னத் தட்டில் ஒலிவ் காய். எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோசம். இந்த இடம் பாடத்தில் வந்த இடம்! கேட்காமல் கொண்டுவந்து வைக்கிற பாணுக்கும் ஒலிவுக்கும் மடீராவில் காசு எடுப்பார்கள், வேண்டாமென்றால் தொடாமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்று எத்தனை தரம் கேட்டிருப்பேன். கூடையைத் தள்ளி வைத்தேன். அந்தப் பெண் திரும்ப என் பக்கம் நகர்த்தினார். நான் விரலை ஆட்டி இன்னும் உறுதியாகத் தள்ளினேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டு எடுத்துக்கொண்டு போனார். என்னிடமா உன் வித்தை என்று நினைத்தேன்.

காத்திருந்தேன். பாஸ்தா வரவில்லை. அந்தப் பெண் மற்ற மேசைகளைத் துடைத்தார், கதிரைகளைக் கவிழ்த்து வைத்தார். பிறகு என்னிடம் வந்து மணிக்கூட்டைக் காட்டி, சமையலறையைக் காட்டி, இரண்டு கைகளையும் விரித்தார். உள்ளே விளக்கு அணைந்திருந்தது. நான் போவதற்கு முன்னரே அடுப்பை நிறுத்திவிட்டார்களாம். பசியோடு வந்த வயசாளியை அனுப்ப மனமில்லாமல்தான் அந்தப் பெண் பாணையாவது கொண்டுவந்து வைத்திருக்கிறார். இதெல்லாம் பிறகு மகள் விளங்கப்படுத்தியது. அந்த நேரத்தில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பாணைத் திருப்பிக் கேட்கலாமா என்று யோசித்தேன். வெட்கமாக இருந்தது. வேறு கடை பார்ப்போம் என்று வெளியே வந்தேன்.

ஒழுங்கையில் எல்லாச் சாப்பாட்டுக் கடைகளும் கதவு இழுத்துவிட்டிருந்தன. பின்னேரம் இருட்டும்வரை அந்த ஊரில் அப்படித்தானாம். நடந்தேன். வியர்த்தது. மழைக்காற்று அடிக்கும்போது ஏன் வியர்க்கிறது என்று ஆச்சரியப்பட்டேனே தவிர, காரணம் தோன்றவில்லை. புதுப்பித்த ஒரு மாளிகை, அதன் பக்கத்தில் உடுப்புக் காயப்போட்ட ஒரு பழைய வீடு. திரும்பினால் மறுபடி அதே மாளிகை, அதே உடுப்பு. கடல் இடது கைப்பக்கம் இருந்தது. கொஞ்சத்தில் வலது கைப்பக்கம் வந்துவிட்டது. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல என்பார்களே, எனக்குக் கண் திறந்துதான் இருந்தது.

கைபேசியை எடுத்தேன். திரையில் ஒரு இளம்பெண்ணின் படம். இந்தப் பிள்ளையை எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று வெகுநேரம் யோசித்தேன். அது என் மகள். இதை எழுதும்போதும் எனக்குப் பயமாக இருக்கிறது. ஆனால் அப்போது பயம் வரவில்லை. ஊசி போட்டதே ஞாபகத்தில் இல்லை. எல்லார் மேலும் கோபம் மட்டும் வந்தது.

ஒரு தேவாலயப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். சக்கர நாற்காலியில் ஒரு வயதான இத்தாலிய அம்மாவை வைத்துத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். அவர்களிடம் நான் ஏதோ கேட்டிருக்கிறேன். அந்தப் பெண் சட்டென்று நாற்காலியை நிறுத்தினாள்.

"ஐயா, தமிழோ? என்ன செய்யுது உங்களுக்கு?"

முன்பின் தெரியாத ஊரில், முன்பின் தெரியாத ஒருத்தி, என் பாஷையில். அழுது காலில் விழுந்திருக்க வேண்டும். ஆனால் குழம்பிப்போன மூளையில் பாடம் மட்டும் குழம்பாமல் இருந்தது. தெருவில் ஒருவர் இனிக்க இனிக்கக் கதை கொடுப்பார், இன்னொருவர் பையை அடிப்பார், கவனம்! சக்கர நாற்காலியில் இருந்த கிழவிதான் அந்த இன்னொருவர் என்று முடிவே கட்டிவிட்டேன். பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "எனக்கு ஒண்டும் வேண்டாம், போங்கோ" என்றேன். கிழவி என்னை உற்றுப் பார்த்து அவளிடம் ஏதோ சொன்னார்.

"சீனி வருத்தம் இருக்கோ ஐயா?"

"இல்லை" என்றேன். சத்தியமாக அப்படித்தான் சொன்னேன்.

அப்போது அந்தக் கிழவி உரத்துக் கத்தினார். மடியில் இருந்த கைப்பையைத் திறந்து, கோப்பிக் கடைகளில் கொடுக்கிற சின்னச் சின்னச் சீனிப் பொட்டலங்களை ஒரு பிடி அள்ளி நீட்டினார். அந்தப் பெண் ஒன்றைக் கிழித்து என் வாயருகே கொண்டுவந்தாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். தெருவில் யாரும் தருவதை வாங்கித் தின்னாதே என்பதும் பாடத்தில் இருந்ததே. அவள் கெஞ்சினாள். நான் கையைத் தட்டிவிட்டேன். சீனி படியெல்லாம் சிந்தியது.

பிறகு அவள் செய்ததை வேறு யாரும் செய்திருப்பார்களா தெரியாது. என் தோளிலிருந்து பையை ஒரே இழுவையில் பறித்தாள். சக்கர நாற்காலியின் பிடியில் அதைக் கொளுவினாள்.

"பை வேணுமெண்டால் இதைத் தின்னுங்கோ. திண்டால்தான் தருவன்."

நான் நினைத்தது சரியாகப் போய்விட்டது. கள்ளிதான்! கடவுச்சீட்டு அதற்குள் இருக்கிறது. எழும்பிப் பிடிக்கக் கால் ஒத்துழைக்கவில்லை. வேறு வழியில்லாமல், கொள்ளைக்காரியோடு பேரம் பேசுகிற நினைப்பில் வாயைத் திறந்தேன். ஒரு பொட்டலம், பிறகு இன்னொன்று. விழுங்கி முடிக்க முடிக்கக் கிழவி "அங்கோரா, அங்கோரா" என்று அடுத்ததை நீட்டினார். இன்னும், இன்னும் என்று அர்த்தமாம். பிறகு அந்தப் பெண் ஓடிப்போய் மூலையில் இருந்த கோப்பிக் கடையில் தோடம்பழச் சாறும் பாணும் வாங்கிக்கொண்டு வந்தாள். அந்தக் கடை முழுநேரமும் திறந்துதான் இருந்திருக்கிறது. அதைத் தாண்டி எத்தனை தரம் நடந்தேனோ. அவள் திரும்பி வரும்வரை கிழவி என் சேர்ட் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

கொஞ்சம் கொஞ்சமாகக் கடல் அதன் இடத்துக்கு வந்தது. கைபேசிப் படத்தில் இருந்தது என் மகள் என்று தெரிந்தது. அப்போதுதான் பயம் வந்தது. வாயில் பாணோடு அழுதேன். அறுபது தாண்டிய ஆம்பிளை, நடுத்தெருவில்.

அந்தப் பெண் மன்னார்ப் பக்கம். அந்த அம்மாவைப் பராமரிக்கிற வேலை. அவரைச் சின்யோரா என்றுதான் கூப்பிடுவாள். நான் என்ன கேட்டேன் என்று அவளிடம் விசாரித்தேன். சொல்ல முதலே சிரித்துவிட்டாள். "காங்கேசன்துறை பஸ் போயிட்டுதோ எண்டு சின்யோராவிட்டக் கேட்டனீங்கள்." பலெர்மோவில் நின்று எங்கள் யாழ்ப்பாணத்து பஸ்! ஆனால் என்னைப் பார்த்தவுடன் நோயைக் கண்டுபிடித்தது அவள் இல்லையாம், சின்யோராதானாம். அவருடைய கணவருக்கும் இதே வருத்தம். சீனி இறங்கினால் மனிதர் யாரையும் கிட்ட விடமாட்டாராம், சண்டை பிடிப்பாராம். அவர் செத்துப் பல வருடமாகியும், கோப்பி குடிக்கப் போகிற இடமெல்லாம் இந்த அம்மாவின் கை தன்பாட்டில் சீனிப் பொட்டலத்தை எடுத்துப் பைக்குள் போட்டுவிடுமாம்.

அந்தப் பெண் என் கைபேசியில் சொன்ன தகவல் கேட்டு மகள் வேலையை விட்டு ஓடிவந்தாள். என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். நடந்ததையெல்லாம் கேட்டதும் அழுகை நின்று பேச்சு ஆரம்பித்தது. "அப்பா, அது மடீராவுக்குச் சொன்னது! இஞ்சை பாணைச் சாப்பிட்டாலும் சாப்பிடாட்டிலும் மேசையில இருந்ததுக்கெண்டு காசு எடுப்பினம்." ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதை நான் இத்தனை தூரம் விமானம் ஏறிப் போய்க் கற்றுக்கொண்டேன்.

வெளிநாடு போகிறவர்கள் இப்போதும் என்னிடம் யோசனை கேட்கிறார்கள். எந்த ஊராக இருந்தாலும் தட்டு மேசைக்கு வந்தபிறகு ஊசியைப் போடு, அவ்வளவுதான் எனக்குத் தெரியும் என்கிறேன்.

ஆனால் மனதுக்குள் கிடந்து குடைவது வேறு. நான் மரியாதை பார்க்கிற ஆள். ஒருவர் வேண்டாம் என்றால் இரண்டாம் தரம் கேட்பது நாகரிகமில்லை என்றே வாழ்ந்தவன். வழியில் தடுமாறிக்கொண்டு நின்ற எத்தனை பேரிடம் "என்ன செய்யுது?" என்று கேட்டு, "ஒண்டுமில்லை" என்ற பதிலோடு நல்ல பிள்ளையாக நகர்ந்து போயிருக்கிறேன் என்று எனக்கே தெரியாது. இப்போது அப்படிப் போக முடியவில்லை. திட்டினாலும் பரவாயில்லை என்று கொஞ்ச நேரம் பக்கத்தில் நின்றுவிடுகிறேன். அன்று அந்த இரண்டு பெண்களும் என்னைப்போல மரியாதை பார்த்து என் சொல்லைக் கேட்டிருந்தால், அந்தப் படிக்கட்டிலேயே என் கதை முடிந்திருக்கும்.