பிரேக் கம்பியும் குட்டிக்கானத்து இறக்கமும்

ஏலப்பாறையில் நாங்கள் தங்கியிருந்த விடுதியின் முற்றத்தில், ஒரு மார்கழிக் காலையில், என் கணவரின் தங்கை தன் சைக்கிளின் பிரேக் பிடியை அழுத்திவிட்டுக் கையை எடுத்தாள். பிடி உடனே திரும்பவில்லை. மனமில்லாமல் எழுந்து வருபவரைப் போலப் பாதி தூரம் வந்து அங்கேயே நின்றுவிட்டது. அதை விரலால் தள்ளிவிட்டு, நான் பார்த்தேனா என்று திரும்பிப் பார்த்தாள். நான் என் சக்கரத்தின் காற்றைச் சோதிப்பவளாகக் குனிந்துகொண்டேன்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து புறப்பட்டு, பொள்ளாச்சி, பழனி, கம்பம் என்று சமவெளியை மிதித்துக் கடந்து, குமுளி ஏறி, முந்தைய மாலைதான் அங்கே வந்து சேர்ந்திருந்தோம். இனி குட்டிக்கானம் வரை தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே ஏற்ற இறக்கமான சாலை. அதன்பின் முண்டக்கயம் வரை இறக்கம் மட்டுமே, வளைவுக்கு மேல் வளைவாக. ஏறும்போது சைக்கிளில் எது கெட்டாலும் நின்றுவிடலாம். இறங்கும்போது நிற்பதற்கே பிரேக் வேண்டும்.

இருந்தும் நான் எழுந்து போய் அவளுடைய வண்டியைத் தொடவில்லை. நாங்கள் நெடுந்தூரம் ஓட்டத் தொடங்கிய நாளில், அவளுடைய கணவர், பின்னால் ஒரு ஜீப் வராமல் பெண்கள் இருவர் போவதாவது என்று மறுத்தார். வழியில் செயின் கழன்றால் யார் மாட்டுவார்கள் என்பது அவர் கேள்வி. அதற்குப் பதிலாகவே அவள் எல்லாவற்றையும் கற்றாள். கோவிந்தாபுரத்தில் அவர்கள் வீட்டு மாங்காய்க் கிடங்கில் உட்கார்ந்து, கைபேசியைத் தேங்காய் மேல் சாய்த்துவைத்துக்கொண்டு, பஞ்சர் ஒட்டவும் பிரேக் கம்பி மாற்றவும் பழகினாள். அந்த நாட்களில் ஒருமுறை அவளுடைய சக்கரத்து நட்டை இறுக்க நான் கைநீட்டினேன். "கேட்டாத் தொடுங்க நங்கை. கேக்காமத் தொட்டீங்கன்னா நீங்களும் எங்கூட்டுக்காரரும் ஒண்ணுதான்" என்றாள். அண்ணியை எங்கள் பக்கத்தில் நங்கை என்றுதான் அழைப்பார்கள். அன்று முதல் அது எங்கள் வழக்கமாயிற்று. அவரவர் வண்டி அவரவர் பொறுப்பு.

"என்ன கண்ணு, பிரேக்கு ஒட்டுதா?" என்று மட்டும் கேட்டேன்.

"குளுருக்கு நமக்கே கை மடங்க மாட்டேங்குது, அதுக்கு மட்டும் என்னங் நங்கை? செத்த லூசு பண்ணுனாச் செரியாப் போயிரும்."

பிரேக் கட்டைகள் ரிம்மை விட்டு விலகாமல் உரசிக்கொண்டிருந்தன. கம்பியின் முனையில் உள்ள சிறு திருகை அவள் திருகித் தளர்த்தினாள். முன்பிரேக், பின்பிரேக் இரண்டையும். சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்தாள். அது தடையின்றிச் சுழன்றது. பிடிகளை அழுத்தினாள், சக்கரம் நின்றது. செய்த வேலை சரியாகத்தான் இருந்தது. என் மனம் மட்டும் சரியாக இல்லை. ஊரில் நன்றாயிருந்த பிரேக் ஒரே இரவில் ஏன் இறுகியது என்ற கேள்விக்கு அந்தத் திருகு விடை சொல்லவில்லை.

குட்டிக்கானத்தை அடைந்தபோதும் பனி முழுதும் விலகவில்லை. அங்கே மறுபடியும் கட்டைகள் உரச, மறுபடியும் தளர்த்தினாள். "இப்பப் பாருங்க, பஞ்சு மாதிரி" என்று சிரித்தாள். அவள் முன்னும் நான் பின்னுமாக இறங்கத் தொடங்கினோம். அவளுடைய முதுகையும், வளைவுக்கு முன் அவளுடைய விரல்கள் பிடியில் மடங்குவதையும் தவிர வேறெதையும் நான் பார்க்கவில்லை. பள்ளத்தாக்கு மிக அழகானது என்று மற்றவர்கள் எழுதியிருக்கிறார்கள். அன்றைய தினம் எனக்கு அதைப் பற்றி எதுவும் தெரியாது.

பாதி இறக்கத்துக்குமேல் வந்தபோது பனி கிழிந்து வெயில் அடித்தது. சாலையோரத் தடுப்புச் சுவரருகே தண்ணீர் குடிக்க நின்றோம். கம்பளிச் சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டாள். அப்போதுதான் அவளுடைய முன்சக்கரத்தின் மேலே, பிரேக் கம்பி தன் உறையிலிருந்து வெளிவரும் இடத்தில், ஒரு துளி தொங்குவதைக் கண்டேன். நான் வண்டியைத் தொடவில்லை. துளியைத்தான் விரலில் ஏந்தினேன். அதை முகர்ந்தபோது எங்கள் வீட்டுச் செக்கின் வாசனை வந்தது.

"என்ன எண்ணெ போட்ட கண்ணு?"

"நம்மூட்டு எண்ணெதானுங். செயின் எண்ணெ தீந்துபோச்சு. தையல் மிசினுக்கும் கதவுக்கும் அதத்தான போடறோம்? பொறப்படறதுக்கு முன்னாடி, கம்பிக்குள்ள நல்லா எறங்கட்டும்னு ஒரு கரண்டி ஊத்துனேன்." சொல்லிக்கொண்டே பெடலை மிதித்து நகர்ந்துவிட்டாள்.

எங்கள் ஊரில் யாரும் செய்யக்கூடியதுதான் அது. தென்னை நிறைந்த வீடுகளில் கிறீச்சிடும் எதற்கும் தேங்காயெண்ணெய்தான் மருந்து. மார்கழிக் காலையில் அது போத்தலில் வெண்ணெயாக உறைவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். கம்பியின் உறைக்குள்ளும் அது உறையும் என்று நினைத்துப் பார்ப்பதில்லை. ஏலப்பாறையில் அது உறைந்திருக்கிறது. உறைந்த எண்ணெய் கம்பியைப் பிடித்துவைத்திருந்ததை, பிரேக் இறுக்கமாக இருப்பதாக எண்ணி அவள் இரண்டு முறை தளர்த்தியிருக்கிறாள். இப்போது வெயிலில் எண்ணெய் உருகிவிட்டது. பிடித்துவைத்திருந்தது போய், தளர்த்தியது மட்டும் மிஞ்சியிருக்கிறது.

இவ்வளவையும் நினைத்து முடிப்பதற்குள் அவள் அடுத்த வளைவைத் தாண்டியிருந்தாள். "நில்லு! பிரேக்கப் பாரு!" என்று கத்தினேன். கீழிருந்து ஏறிவந்த பேருந்தின் ஹாரனில் அது கரைந்துபோயிற்று.

நான் வேகமாக இறங்கினேன். அவளை மறுபடி கண்டபோது, அவளுடைய இரு கைகளிலும் விரல்கள் பிடிகளோடு சேர்த்து ஹேண்டில் பாரை இறுகப் பற்றியிருந்தன. அழுத்த இனி இடமில்லை. அவள் வேகம் குறையவும் இல்லை. ரிம்மில் எண்ணெயும் வழிந்திருக்க வேண்டும். ஒரு காலைத் தரையில் தேய்த்தாள். ஷூவின் அடிப்பாகம் சாலையில் உரசும் ஒலி எனக்குக் கேட்டது. எதிரே அடுத்த பேருந்து வளைவில் முகம் காட்டியது.

அவள் என்னைக் கூப்பிடவில்லை. இடப்பக்கம், மலைச்சரிவின் அடியில், சாலை வேலைக்காகக் கொட்டியிருந்த ஜல்லிக் குவியலை நோக்கி ஹேண்டிலைத் திருப்பினாள். முன்சக்கரம் கல்லுக்குள் புதைந்து நின்றது. அவள் மட்டும் நிற்காமல் குவியலின் மேல் போய்க் கவிழ்ந்தாள்.

நான் போய்ச் சேர்ந்தபோது எழுந்து உட்கார்ந்திருந்தாள். முழங்கால் இரண்டும் சிராய்த்து, உள்ளங்கையில் ரத்தம். எலும்புகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். எதுவும் முறியவில்லை. எதிர்ப்பக்கத்தில் தேநீர்க்கடை வைத்திருந்த அம்மாள், ஏலப்பாறைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த தமிழராம், தண்ணீர்ச் செம்போடு ஓடிவந்தார். நடந்ததைச் சொன்னதும் வாயில் கைவைத்துக்கொண்டார்.

"ஏ தாயி, தலைக்கித் தேய்க்கிறத வண்டிக்கித் தேச்சிட்டா வந்தீக? இந்த வளவுல அது எங்கன நிக்கும்? முடிதான் நல்லா வளந்திருக்கும்!"

அவள் சிரித்தாள். சிரிப்பு நடுவிலேயே உடைந்து அழுகையாயிற்று. கடைக்காரம்மா அவளுடைய தலையைத் தம் வயிற்றோடு சேர்த்துக்கொண்டார்.

அழுது ஓய்ந்த பிறகு, "உங்க அண்ணனக் கூப்பிடட்டுமா?" என்று கேட்டேன். கூப்பிட்டால் அவளுடைய கணவருக்கும் தெரிந்து ஜீப் வரும். அதன்பின் எந்தப் பயணத்திலும் அந்த ஜீப் எங்களை விடாது. இருவருக்குமே அது தெரியும். ஆனாலும் அவள் சரி என்றிருந்தால் அக்கணமே கூப்பிட்டிருப்பேன்.

"இருங் நங்கை" என்றாள். கடையில் பாத்திரம் தேய்க்கும் சோப்பை வாங்கி, ரிம்மையும் கட்டைகளையும் தேய்த்துக் கழுவினாள். திருகுகளை இறுக்கினாள். முதல் முறை ஒரு திருகு கழன்று கையோடு வந்தது. மறுபடி இறுக்கினாள். பிடியை அழுத்தி, விட்டு, அழுத்தி, விட்டுப் பார்த்தாள். பிறகு வண்டியை என் பக்கமாகச் சாய்த்தாள்.

"இப்ப நீங்க தொட்டுப் பாருங்க. பொய் சொல்லக் கூடாது."

அவளுடைய வண்டியில் நான் கைவைத்தது அதுதான் முதல் முறை. முன்பிரேக் சரியாயிருந்தது. பின்பிரேக் இன்னும் ஓரளவு தளர்வாக இருந்தது. அதைச் சொன்னேன். அதையும் இறுக்கினாள். பிரேக் சரியாகப் பிடிக்கிறது என்று சொன்னேன். ஏறுவதா, நடப்பதா என்பதை அவளிடமே விட்டேன்.

அவளே முடிவு செய்தாள். வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தாள். சில அடிகளுக்கு ஒருமுறை பிரேக்கைப் பிடித்துச் சக்கரத்தை நிறுத்தினாள். விட்டதும் அது உருண்டது. ஜீப்புகள் ஹாரன் அடித்துக் கடந்தன. ஒருவன் தலையை நீட்டி மலையாளத்தில் ஏதோ கேலி பேசிவிட்டுப் போனான். நாங்கள் தள்ளிக்கொண்டே போனோம். வெயில் ஏறி, ரப்பர் தோட்டங்கள் தொடங்கி, சாலை சற்றே சமமான ஓரிடத்தில் அவள் நின்று, நெடுநேரம் கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு காலைத் தூக்கிப் போட்டு ஏறினாள்.

அடுத்த வளைவு வெகு தூரத்தில் இருந்தபோதே பிரேக்கைப் பிடித்தாள். சக்கரம் மெதுவாகி, ஏறக்குறைய நின்றே போயிற்று. பின்னால் வந்த லாரிக்காரர் எரிச்சலோடு எங்களைத் தாண்டிப் போனார். அவள் ஒரு காலை ஊன்றி, திரும்பி என்னைப் பார்த்து, "புடிக்குதுங் நங்கை" என்றாள்.